மதிலுக்குள் ஒரு தலைநகரம்

தில்லிச் செங்கோட்டையின் லாகூர் வாயிலைக் கடந்து மேற்கு நோக்கி வருபவர் கண்ணில், சாலையின் இடப்புறத்தில் முதலில் தென்படுவது செந்நிறச் சிகரங்களை உடைய திகம்பர ஜைன ஆலயமாகும். ‘லால் மந்திர்’ என்று ஊரார் இன்று அழைக்கும் அவ்வாலயத்திற்கு ‘உருது மந்திர்’ என்றொரு பழம்பெயரும் உண்டு. உருது என்னும் சொல்லுக்குப் படைமுகாம் என்பதே முதற்பொருள். ஷாஜகானின் படையில் பணியாற்றிய ஜைனர் ஒருவரின் கூடாரத்தில் வைத்து வழிபடப்பட்ட திருவுருவமே இவ்வாலயத்தின் தொடக்கம் என்றும், அது நிலைபெற்ற ஆண்டு 1656 என்றும் மரபு கூறும். இன்று நாம் காணும் கட்டடம் அத்துணைப் பழைமையானதன்று. பிற்காலத்தில் விரித்துக் கட்டப்பட்டது. அங்கிருந்து மேற்கே நடந்தால் கௌரிசங்கர் கோயில், கிறித்தவ தேவாலயம், சீஸ்கஞ்ச் குருத்வாரா, சுனேரி மசூதி என ஒன்றன்பின் ஒன்றாக வரும். சாலையின் மறுகோடியில் பதேபுரி மசூதி நிற்கும். ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலையே சாந்தினி சௌக்.

ஓர் இந்தியத் தலைநகரில் இத்தனை சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்பதைப் பலர் வியந்து எழுதியுள்ளனர். ஆயினும் வியப்புக்குரிய வேறொன்றும் உண்டு. தில்லி நகரத்திற்காக வரையப்பட்ட திட்டங்களும் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டங்களும் கடந்த ஒன்றரை நூற்றாண்டாகக் கல்லறைகளையும் கோட்டைகளையும் கண்ணிமைபோல் காத்து வந்திருக்க, மக்கள் இடைவிடாது வாழ்ந்துவரும் இந்த மதில் நகரை மட்டும் ஒரு நோயாகவே கருதி வந்துள்ளன. ஆளற்ற கட்டடத்திற்குக் காவல். ஆள் வாழும் கட்டடத்திற்குக் கடப்பாரை. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அந்நகரின் வரலாறே சொல்லும்.

தில்லி என்ற பெயர் ஷாஜகானுக்கு ஐந்நூறு ஆண்டுகள் மூத்தது. விபுத ஸ்ரீதரர் என்னும் ஜைனப் புலவர் 1132ஆம் ஆண்டில் அபப்பிரம்ச மொழியில் இயற்றிய பார்சுவநாதர் வரலாறாகிய ‘பாசணாகசரிவு’ என்னும் காவியம், ‘டில்லி’ என்னும் பெயருடைய நகரைப் புகழ்ந்து பேசுகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் தெருக்களைக் கண்டவர்களுக்கு அவ்வருணனையின் சுவை எளிதில் விளங்கும். அப்புலவரை ஆதரித்தவர் நட்டல் சாகு என்னும் ஜைன வணிகர். குதுப்மினாரின் அருகிலுள்ள பழைய மசூதி இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு எழுப்பப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது; அவற்றுள் ஜைன ஆலயத் தூண்களும் உள்ளன. அலாவுதீன் கில்ஜியின் நாணயச்சாலையோடு தொடர்புடையவரான தக்கர பேரு என்னும் ஜைனர், 1315இல் ‘வாஸ்துசாரம்’ என்ற கட்டடக்கலை நூலையும் 1318இல் நாணயப் பரிசோதனை பற்றிய ‘திரவிய பரீக்ஷை’ என்ற நூலையும் இயற்றினார். ஆட்சிகள் மாறினும் அந்நகரின் வணிகரும் கணக்கரும் கைவினைஞரும் தொடர்ந்து வாழ்ந்தனர் என்பதற்கு இவையெல்லாம் சான்றுகள்.

ஆக்ராவைவிட்டு நீங்கி யமுனைக் கரையில் புதிய தலைநகர் அமைக்க விரும்பிய ஷாஜகான் 1639இல் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். 1648இல் கோட்டை குடிபுகும் நிலையை எய்தியது. நகரின் தலைத்தெருவை வகுத்த பெருமை அவர் மகள் ஜகனாராவைச் சேரும். தெருவின் நடுவே வாய்க்கால் ஓடியது. அதன் இடையில் ஒரு குளமும் சதுக்கமும் அமைந்தன. நிலவொளி அக்குளத்தில் விழுந்த அழகினாலேயே சாந்தினி சௌக், அதாவது நிலாச் சதுக்கம், என்ற பெயர் உண்டாயிற்று என்பர். அருகில் வெளியூர் வணிகர் தங்குவதற்கென ஜகனாரா ஒரு பெரிய சத்திரத்தையும் கட்டுவித்தார். சிறு குன்றொன்றின்மேல் ஜும்மா மசூதி 1656இல் நிறைவெய்தியது. நகரைச் சூழக் கல்மதிலும் பல வாயில்களும் எழுந்தன.

அரசர் வகுத்தது தலைத்தெருவையும் பெருங்கட்டடங்களையும் மட்டுமே. மற்றவற்றை மக்களே வகுத்துக்கொண்டனர். பெருந்தெருவிலிருந்து ‘கூச்சா’ என்னும் கிளைத்தெரு பிரியும். அதிலிருந்து ‘கலி’ என்னும் சந்து பிரியும். ஒரே தொழிலினர் கூடி வணிகம் செய்யும் வளாகம் ‘கட்ரா’. செல்வர் வீடு ‘ஹவேலி’. வெளியே தெருவுக்கு வெறுஞ்சுவரும் ஒரு வேலைப்பாட்டு வாயிலும் மட்டுமே காட்டும் ஹவேலி, உள்ளே நம்மூர் முற்றத்து வீடுகளைப்போல் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி அமைந்திருக்கும். சந்துகளின் குறுமை அறியாமையால் விளைந்ததன்று. தில்லியின் கோடையில் வெயில் தரையில் விழாதபடி இருபுறச் சுவர்களும் ஒன்றுக்கொன்று நிழல் தந்தன. இரவில் தெருவாயிலை அடைத்துவிட்டால் அச்சந்து முழுவதும் ஒரே வீடாகிவிடும். மாளிகைகளுக்கிடையே மண்சுவரும் கூரையும் வேய்ந்த சிறு வீடுகளும் மிகுதியாக இருந்தன என்று அந்நாளில் அங்கிருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே எழுதினார். ஏழையும் செல்வரும் ஒரே சந்தில் வாழ்ந்த நகரம் அது.

இந்நகரின்மேல் முதல் பேரிடி 1857இல் விழுந்தது. செப்டம்பரில் தில்லியை மீட்ட ஆங்கிலேயர் குடிமக்களை மதிலுக்கு வெளியே துரத்தினர். இந்துக்கள் அடுத்த ஆண்டிலேயே திரும்ப இசைவு பெற்றனர். இசுலாமியர் நெடுநாள் காத்திருந்தனர். கோட்டைக்குள்ளிருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்து அவ்விடத்தில் படைவீடுகளைக் கட்டினர். பீரங்கிக்கு மறைவிடம் எதுவும் இருத்தலாகாது என்று கோட்டையைச் சுற்றி 448 கெஜத் தொலைவுக்கு நகரை அழிக்க ஆணையிட்டனர். மாளிகைகளும் கடைத்தெருக்களும் அக்பராபாதி மசூதியும் அவ்வாறு மறைந்தன. கவிஞர் காலிப் தம் கடிதங்களில் அந்த அழிவைத் தெருத்தெருவாகப் பெயர் சொல்லிப் புலம்பியிருக்கிறார். ஜும்மா மசூதி 1862 வரை தொழுகைக்குத் திறக்கப்படவில்லை. பதேபுரி மசூதியோ ஏலத்திற்கு வந்தது. லாலா சுன்னாமல் என்னும் வணிகர் அதை வாங்கினார், வாங்கியவர் இடித்துவிடவில்லை. 1877இல் அது மீண்டும் இசுலாமியர் கைக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகளைக் கொண்ட அவருடைய மாளிகை சாந்தினி சௌக்கில் இன்றும் நிற்கிறது.

போர் அழித்தது ஒருபுறமிருக்கத் திட்டம் அழித்தது மறுபுறம். புகைவண்டிப் பாதை மதில் நகரின் வடபகுதியை அறுத்துக்கொண்டு வந்தது. ஜகனாராவின் சத்திரம் இருந்த இடத்தில் நகர மண்டபம் எழுந்தது. வாய்க்கால் மூடப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்த அதே காலத்தில், 1861இல், அலெக்சாண்டர் கன்னிங்காம் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தோன்றியது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கை ஷாஜகானின் நகரை இடித்துக்கொண்டிருக்க, மற்றொரு கை பழங்கற்களை அளந்து குறித்துக்கொண்டிருந்தது. பின்னர் கர்சன் பிரபுவின் முயற்சியால் 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. நன்மை மிகுந்த சட்டம் அது; ஐயமில்லை. ஆயினும் அச்சட்டம் ‘சின்னம்’ என்று கண்டது தனித்து நிற்கும் கட்டடத்தை. தெரு என்பது அதன் கண்ணில் படவே இல்லை.

1911 டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். அடுத்த ஆண்டில் ஸ்வின்டன், பிராடி, எட்வின் லட்யன்ஸ் ஆகிய மூவர் குழு புதிய நகருக்கு இடம் தேடியது. மதில் நகருக்குத் தெற்கே ரைசினாக் குன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. லட்யன்சும் ஹெர்பர்ட் பேக்கரும் வரைந்த அந்நகரம் 1931 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. அகன்ற சாலைகள், நிழல் மரங்கள், தோட்டம் சூழ்ந்த தனி மாளிகைகள் எனப் பழைய நகரின் ஒவ்வோர் இயல்புக்கும் நேர் எதிராக அது அமைந்தது. அரசுப் பெருவழியின் கீழ்க்கோடிப் பார்வை பழைய கோட்டையாகிய ‘புரானா கிலா’வை நோக்குமாறும், நாடாளுமன்றத் தெருவின் பார்வை ஜும்மா மசூதியை நோக்குமாறும் கோடுகள் வரையப்பட்டன. அதாவது, பழைய தில்லி புதிய தில்லிக்குத் தொலைதூரக் காட்சிப்பொருளாகப் பயன்பட வேண்டும். அருகில் வந்துவிடக் கூடாது. இரண்டு நகரங்களுக்கும் இடையில் மதிலும் வெற்று வெளியும் விடப்பட்டன.

புதிய நகருக்கு நிலம் எடுத்தபோது அங்கிருந்த பழஞ்சின்னங்கள் அழியாமலிருக்க மௌல்வி சபர் ஹசன் அவற்றைத் தொகுத்தார். 1916 முதல் 1922 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த அப்பட்டியலில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் இடம்பெற்றன. தில்லியைப் பற்றி எழுதும் எவரும் இன்றளவும் அதைப் புரட்டாமல் எழுத முடியாது. ஆனால் காப்பாற்றிய முறையைக் கவனித்தல் வேண்டும். புரானா கிலாவின் உள்ளே இந்தர்பத் என்றொரு சிற்றூர் இருந்தது. இந்திரப்பிரஸ்தம் என்ற பழம்பெயரின் எச்சம் என்று மக்கள் நம்பிய பெயர் அது. கோட்டையை அழகுபடுத்துவதற்காக அச்சிற்றூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். சையது, லோடி மன்னர்களின் கல்லறைகளைச் சுற்றிக் கைர்பூர் என்னும் ஊர் இருந்தது. அவ்வூரை அகற்றிப் புல்வெளி அமைத்து 1936இல் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’ என்று திறந்தனர். இன்று லோடித் தோட்டம் என்று தில்லிவாசிகள் காலைநடை பயிலும் இடம் அதுவே. அழகான தோட்டந்தான். ஐந்நூறு ஆண்டுக்கு முன் இறந்த மன்னர் அங்கே இருக்க, அவர் கல்லறையின் நிழலில் ஆடு கட்டி வாழ்ந்தவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. தில்லியின் பாதுகாப்பு முறை வகுக்கப்பட்டது இவ்விடங்களில்தான் எனலாம்.

வேறு வழியே அந்நாளில் எவருக்கும் தெரியவில்லையா என்றால், தெரிந்தவர் ஒருவர் இந்தியாவிலேயே இருந்தார். அதுவும் சென்னை மாகாணத்தில். ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ் 1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் வந்தார். நகரமைப்பைப் பற்றி அவர் பல்லாண்டு சேர்த்த கண்காட்சிப் பொருள்கள் ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் தனியே வந்தன. அக்கப்பலை மூழ்கடித்தது வேறெதுவுமன்று. சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசித் தமிழ்மொழிக்கே ஒரு சொல்லை அளித்துச் சென்ற அதே எம்டன். கெடஸ் மனம் தளராமல் வேறு படங்களைச் சேர்த்து 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய குடியிருப்பை நேர்கோட்டுச் சாலையால் பிளப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். நோயை அறிந்த பின்பே மருந்து. இடிந்த சில வீடுகளை மட்டும் அகற்றி அவ்விடத்தில் காற்றோட்டமும் மரமும் கிணறும் தந்து, எஞ்சியவற்றை அப்படியே வாழவிடுதல் என்பது அவர் முறை. உறுப்பை வெட்டாமல் காக்கும் அறுவை மருத்துவம் போன்றது அது. புதுதில்லியின் வரைபடம் அவர் இந்தியா வருமுன்பே முடிந்துவிட்டது. பழைய தில்லிக்கு அவர் முறை தேவைப்பட்ட காலத்தில் அதைக் கையாள ஆளில்லை.

1937இல் தில்லி மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நெருக்கடியைக் குறைப்பது அதன் நோக்கம். தில்லி வாயிலுக்கும் அஜ்மீரி வாயிலுக்கும் இடைப்பட்ட மதில் அதன் திட்டத்தில் இடிபட்டது. நெருக்கடி குறையவில்லை. பத்து ஆண்டுகளில் நாட்டுப் பிரிவினை வந்தது. 1941இல் ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் பதினேழு லட்சத்தைத் தாண்டியது. அப்போது ஒரு விந்தை நிகழ்ந்தது. ஆளற்றுக் காக்கப்பட்ட புரானா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் அகதிகள் ஆயிரக்கணக்கில் தங்கினர். தலைமுறை தலைமுறையாக ஆள் வாழ்ந்த ஹவேலிகள் பல வெறிச்சோடின. பாகிஸ்தான் சென்றவர்களின் வீடுகளை அரசு ஏற்று, மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்குப் பங்கிட்டது. ஒரு குடும்பத்திற்கென அமைந்த முற்றத்தைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள் குடியேறின. எவருக்கும் அது சொந்த வீடன்று. எவர் கூரையை எவர் செப்பனிடுவது?

இதே நேரத்தில் 1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியில் மஞ்சள்காமாலை பெருநோயாகப் பரவியது. சாக்கடை நீர் யமுனையின் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்ததே காரணம். திட்டமின்மையின் கொடுமையை அரசு நேரில் கண்டது. 1957இல் தில்லி வளர்ச்சிக் குழுமம் பிறந்தது. ஆல்பர்ட் மேயர் தலைமையில் போர்டு அறக்கட்டளை அனுப்பிய வல்லுநர்களின் துணையோடு முதல் முழுமைத் திட்டம் வரையப்பட்டு 1962இல் நடைமுறைக்கு வந்தது. திட்டமிட்டோரைக் குறைகூறுவது எளிது. தூய நீரும் கழிவுநீர்க் குழாயும் இன்றி லட்சக்கணக்கானோர் அடைந்துகிடந்த நகரைக் கண்டு அவர்கள் கவலைகொண்டது நேர்மையான கவலையே. பிழை, நோயின் பெயரிலேயே நேர்ந்தது. 1956ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தின்கீழ் மதில் நகர் முழுவதும் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. பெர்னியே கண்ட கூரை வீடுகள் மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. லக்கோரிச் செங்கல்லும் சுண்ணாம்பும் செந்நிறக் கல்லும் கொண்டு கட்டிய மாளிகை நகரை ஒரே சட்டச் சொல்லால் அரசு குடிசைப் பகுதியாக்கிற்று. ஒரு பொருளுக்கு இட்ட பெயர் அப்பொருளைக் கையாளும் முறையையும் முடிவு செய்துவிடும் என்பது மொழி பயின்றோர் அறிந்ததே. குடிசைப் பகுதி என்றால் அதைக் கலைக்கலாம், மாற்றலாம், அகற்றலாம். பழுதுபார்த்துக் காப்பது என்ற எண்ணம் அப்பெயருக்குள் எழாது.

வாடகைச் சட்டம் மறுபக்கம் அழுத்தியது. 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைக் குடியிருப்போரைக் காத்தது உண்மை. ஆனால் பழைய வாடகை உறைந்து நின்றபோது, சுண்ணாம்பு வாங்கும் காசுகூட வராத வீட்டை உரிமையாளர் எதற்குப் பழுதுபார்ப்பார்? வாரிசுகள் பெருகினர், வீடு பாகமாயிற்று. மொத்த வணிகர் கிடங்குக்கு இடம் தேடி வந்தனர். கிடங்குக்கு முற்றம் எதற்கு, சாளரம் எதற்கு? முற்றத்தின்மேல் தகரம் ஏறியது. இறுதியில் ஒரு நாள் கட்டடமே ‘இடியும் நிலையில் உள்ளது’ என்று அகற்றப்பட்டு அவ்விடத்தில் கான்கிரீட் அடுக்கு எழுந்தது. பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த பகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையானது இவ்வாறே. 2022 நவம்பரில் அச்சந்தையில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது, கட்டடங்கள் சரிந்தன. 1916இல் ஜவாஹர்லால் நேருவின் திருமணம் நடந்த சீதாராம் பஜாரின் ஹக்சர் ஹவேலி இன்று சிதைவு. காலிப் வாழ்ந்த பல்லிமாரான் வீடு வணிகர் கையில் கிடந்து, நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அதன் ஒரு பகுதி மீட்கப்பட்டது.

இவையெல்லாம் மெல்ல நிகழ்ந்தவை. விரைந்து நிகழ்ந்ததும் ஒன்றுண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், துர்க்மான் வாயிலருகே புல்டோசர்கள் வந்தன. வீடுகளை விட மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் போயின. எஞ்சியோர் நகருக்கு வெளியே தொலைவில் குடியேற்றப்பட்டனர். பின்னர் ஷா விசாரணைக் குழு அதைப் பற்றி விரிவாக விசாரித்தது. துர்க்மான் வாயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாயிலில் ஒரு கல்லும் அசையவில்லை. அதை அடுத்து வாழ்ந்த தெருக்கள்தாம் இல்லாமற் போயின.

1984இல் கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளை தோன்றியது. ‘இன்டாக்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அவ்வமைப்பின் தில்லிக் கிளை, 1999இல் 1,208 கட்டடங்களைப் பட்டியலிட்டு இரு தொகுதிகளாக வெளியிட்டது. சபர் ஹசனுக்குப் பிறகு இத்தகைய பெருமுயற்சி அதுவே. இம்முறை ஹவேலிகளும் இடம்பெற்றன. 2004இல் மரபுப் பாதுகாப்புக் குழு ஒன்றை மைய அரசு அமைத்தது. ஆயினும் லட்யன்சின் மாளிகைப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாட்டு விதிகள் 1988லேயே வந்துவிட்டன என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். அமைச்சரும் அதிகாரியும் வாழ்ந்த பகுதி மரபாக ஏற்கப்பட்டு ஒரு தலைமுறை கழிந்த பின்பே, வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த பகுதியின் பட்டியலுக்கு அரசாணை வந்தது. பட்டியலில் சேர்ந்தால் நன்மை என்ன என்ற ஹவேலி உரிமையாளரின் கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை. இடிக்கக் கூடாது, மாற்றக் கூடாது என்ற தடைகள் வந்தன. பழுதுபார்க்கப் பணம் வரவில்லை. தேசியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது என்னும் 2010ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வெட்டவெளிக் கல்லறைகளுக்குப் பொருந்தும். சுவரோடு சுவர் ஒட்டிய மதில் நகருக்கு அது பொருந்துவது கடினம்.

தில்லியிலேயே வேறு வழி ஒன்று பிறந்தது. 2007 முதல் நிஜாமுதீன் பகுதியில் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை தொல்லியல் துறையோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து பணியாற்றியது. ஹுமாயூன் கல்லறையின் மேல்தளத்தில் இருபதாம் நூற்றாண்டில் கொட்டிய கான்கிரீட் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் கிலோ சுமந்து இறக்கப்பட்டது. பழைய முறையில் சுண்ணாம்பு அரைத்துப் பூசப் பரம்பரைக் கொத்தர்கள் அழைக்கப்பட்டனர். இவை வல்லுநர் செய்யக்கூடியவை. ஆனால் அவர்கள் சாலைக்கு மறுபுறம் உள்ள நெருக்கமான நிஜாமுதீன் குடியிருப்புக்குள்ளும் சென்றனர். மருத்துவமனையையும் மாநகராட்சிப் பள்ளியையும் செம்மைப்படுத்தினர். பெண்களுக்குக் கைத்தொழில் கற்பித்தனர். 2008இல் சரிந்த பழைய படிக்கிணற்றின் சுவரைக் கட்டினர். 2021இல் யுனெஸ்கோ அப்பணிக்கு ஆசிய-பசிபிக் விருதுகளுள் முதலிடம் தந்தது. கைர்பூரை அகற்றிக் கல்லறையைக் காத்த ஊரில், குடியிருப்போரை இருக்கவிட்டுக் கல்லறையைக் காக்க எழுபது ஆண்டுகள் ஆயின. கெடஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

மதில் நகருக்கு அந்த நற்பேறு இன்னும் முழுமையாக வரவில்லை. ஷாஜகானாபாதும் லட்யன்ஸ் தில்லியும் உலக மரபு நகரங்களாக ஏற்கப்பட வேண்டும் என்று யுனெஸ்கோவுக்கு அனுப்பிய விண்ணப்பத்தை 2015இல், முடிவு தெரியும் தறுவாயில், மைய அரசு திரும்பப் பெற்றது. கட்டடப் பணிகளுக்குத் தடைகள் வரும் என்ற அச்சமே காரணம். புதிய கட்டடங்களும் இவ்வகையில் தப்பவில்லை. 1972இல் கட்டப்பட்டு உலகக் கட்டடக்கலையாளர் போற்றிய பிரகதி மைதானத்தின் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ 2017 ஏப்ரலில் ஓரிரவில் இடிக்கப்பட்டது. அறுபது ஆண்டு நிறையாதது மரபாகாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

நல்லவையும் நடந்துள்ளன. மெட்ரோ ரயில், சாந்தினி சௌக்கின் கீழே ஆழத்தில் சுரங்கமிட்டுச் சென்றது. 1860களின் புகைவண்டிப் பாதையைப்போல் நகரை அறுக்கவில்லை. 2021 செப்டம்பரில் சீரமைக்கப்பட்ட சாந்தினி சௌக் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. நூறாண்டுக்குப்பின் அச்சாலையின் நடுவே மனிதர் அச்சமின்றி நடந்தனர். தரையில் செந்நிறக் கல் பதிக்கப்பட்டது. தொங்கிய கம்பிகள் மண்ணுக்குள் சென்றன. ஆனால் சாலையிலிருந்து பத்தடி உள்ளே திரும்பினால் கம்பிகள் அப்படியே, கிடங்குகளும் அப்படியே. முகத்தைக் கழுவியாயிற்று, உடலுக்கு மருந்து இன்னும் வரவில்லை. தரம்புராவில் பாழடைந்த ஹவேலி ஒன்று பல ஆண்டு உழைப்பால் மீட்கப்பட்டு 2016 முதல் விடுதியாக இயங்குகிறது. போற்றத்தக்க பணி. எனினும் எல்லா ஹவேலிகளும் விடுதியாகிவிட்டால் ஊரார் எங்கே வாழ்வது என்ற கேள்வி நிற்கிறது.

அதே தரம்புராவில்தான் ராஜா ஹர்சுக் ராய் 1807இல் கட்டி முடித்த ‘நயா மந்திர்’ உள்ளது. பெயர் புதுக்கோயில், அகவையோ இருநூறைக் கடந்தது. 1857இன் பீரங்கியையும் 1947இன் பிரிவையும் கடந்து அங்கே பளிங்கு வேலைப்பாடு இன்றும் மாசற்றிருக்கிறது. நாள்தோறும் காலையில் கதவைத் திறந்து விளக்கேற்றும் கைகள் அங்கே இன்றும் உண்டு. சற்றுத் தொலைவில், கினாரி பஜாரின் சரிகைக் கடைகளுக்கிடையே, ஒரு சிறு வாயில் உண்டு. உள்ளே நுழைந்தால் கடைத்தெருவின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். ‘நௌகரா’, ஒன்பது வீடுகள், என்று அச்சந்துக்குப் பெயர். வண்ணம் தீட்டிய முகப்புகள், பூவேலை செய்த தூண்கள், வாசல் திண்ணைகள், சந்தின் முடிவில் வெண்பளிங்கில் சுவேதாம்பர ஆலயம். ஜைனக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த வீடுகள் அவை. கிடங்குக்குக் கேட்டு வருவோரும், தெற்குத் தில்லியிலோ குருகிராமிலோ கார் நிறுத்த வசதியுள்ள அடுக்குமாடிக்கு அழைக்கும் பிள்ளைகளும் அவ்வீட்டாருக்கு உண்டு. 2021இல் வெளியிடப்பட்ட முழுமைத் திட்டத்தின் வரைவு மதில் நகரைப் பற்றியும் பேசுகிறது. மாலையில் கடைகள் மூடும் நேரத்தில் அவ்வீடுகளின் மாடங்களில் இன்னமும் விளக்கு எரிகிறது.